தோள் குறுகி இடுப்பு அகன்ற உடல்வாகுக்கு எந்த டெனிம் ஜாக்கெட் பொருந்தும்?

மழைநீலம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளியே வெயில் 40 டிகிரியைத் தொடும் மே மாதத்திலும் எங்கள் தளத்தில் குளிர்சாதனம் 21 டிகிரியில்தான் ஓடுகிறது. இதுவரை சால்வையைப் போர்த்திக்கொண்டு சமாளித்துவந்தேன். அது தோளிலிருந்து நழுவி விசைப்பலகையின் மேல் விழுந்துகொண்டே இருப்பதால், ஒரு நல்ல டெனிம் ஜாக்கெட் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ரங்கநாதன் தெருவில் "ஜாக்கெட்" என்று மட்டும் கேட்டபோது ஆயத்த ரவிக்கைகளை எடுத்துக் காட்டினார்கள் என்பதால், நான் கேட்பது ஜீன்ஸ் துணியில் தைத்த மேல்சட்டையைப் பற்றித்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் உயரம் 5 அடி 1 அங்குலம். தோள் 13½ அங்குலம், மார்பு 35, இடை 31, இடுப்பின் மிக அகன்ற பகுதி 42. இணையத்தில் மீடியம் அளவில் ஒன்று வாங்கினேன். தோள் சரியாக இருந்தது, ஆனால் கீழ்ப்பட்டியின் பட்டனைப் போட முடியவில்லை. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு லார்ஜ் வாங்கினேன். பட்டன் போட முடிந்தது, ஆனால் தோள் தையல் கை மேல் இறங்கி, யாரோ ஒருவருடைய சட்டையைக் கடன் வாங்கி அணிந்ததுபோல் ஆகிவிட்டது. அதையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பெரும்பாலும் முழங்கால் வரையிலான குர்த்தியும் லெக்கிங்ஸும் அணிகிறேன். வெள்ளிக்கிழமைகளில் பருத்திப் புடவை. பெரிய அளவை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்வது நல்லதா? இடுப்பு மறைய வேண்டுமானால் நீளமான ஜாக்கெட்டாகப் பார்க்க வேண்டுமா? எவ்வளவு கனமான துணி நம் ஊருக்குத் தாங்கும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காஜாஊசி பதில்:

வணக்கம் சகோதரி. புரசைவாக்கத்தில் 22 ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கையும் சுடிதாரும்தான் எங்கள் முக்கிய வேலை என்றாலும், வாங்கிய டெனிம் ஜாக்கெட்டைச் சரிசெய்து தரச் சொல்லி வருபவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீங்கள் சொன்ன அதே சிக்கலோடுதான் வருகிறார்கள்.

மீடியத்தில் தோள் பொருந்தி, பட்டி பொருந்தவில்லை என்றால், அளவு தவறு என்று அதற்குப் பொருள் அல்ல; நீளம் தவறு என்று பொருள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பெண்கள் டெனிம் ஜாக்கெட்டின் நீளம் 21 முதல் 23 அங்குலம் வரை இருக்கிறது. கழுத்தோரத்தில் தோளின் உயர்ந்த முனையிலிருந்து இடை வரை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கு அது ஏறத்தாழ 15 அங்குலம் வரும். அப்படியானால் 22 அங்குல ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டி உங்கள் இடுப்பு அகலத் தொடங்கிய பிறகுதான் போய் நிற்கிறது. இறுக்கமான அந்தப் பட்டி 42 அங்குலத்தை நோக்கி விரியும் இடத்தைச் சுற்றி மூட வேண்டியிருக்கிறது. அது மீடியத்தால் ஆகாத காரியம். அதே மீடியத்தை 17 அல்லது 18 அங்குல நீளத்தில், 'க்ராப்' என்று சொல்கிறார்களே அந்த வெட்டில் அணிந்து பாருங்கள். பட்டி இடைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். அங்கே அது மூட வேண்டிய சுற்றளவும் மிகக் குறைவு. நீங்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பியதற்கான விடை இதுதான்.

நீளமாக வாங்கினால் இடுப்பு மறையும் என்று பலரும் நம்புகிறார்கள். சேலையோ துப்பட்டாவோ போல வழிந்து விழும் துணியென்றால் அது ஓரளவு நடக்கும். டெனிம் வழியாத துணி. அது முடியும் இடத்தில், அழுத்தமான நூலில் தைத்த ஒரு கோடு உடம்பின் குறுக்கே விழும். பார்ப்பவரின் கண் அந்தக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் அகலத்தை அளந்துவிடும். அந்தக் கோடு உங்கள் உடம்பின் ஒடுங்கிய இடத்தில் விழ வேண்டுமா, அகன்ற இடத்தில் விழ வேண்டுமா என்பதுதான் கேள்வி. இடுப்பை மறைக்கப் பார்ப்பதைவிட இடையைக் காட்டுவது மேல் என்று என்னிடம் வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவருகிறேன்.

தோளைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். உள்ளே குர்த்தி இருப்பதால் அரை அங்குலம் வெளியே தள்ளி நின்றால் பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். உங்களைப் போல் தோள் குறுகியவர்களுக்கு டெனிம் ஒரு வரம், ஏனென்றால் அந்தத் துணியின் விறைப்பே தோளுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் மேல்பகுதியில் வேலைப்பாடு இருக்கும் ஜாக்கெட்டாகத் தேடுங்கள்: மார்புக்கு மேலே குறுக்காக ஓடும் தையல், மூடி வைத்த இரண்டு பைகள், சற்று அகன்ற காலர், கை தொடங்கும் இடத்தில் சிறு சுருக்கம் ஆகியவை எல்லாம் கண்ணை மேலே இழுத்து, தோளை இடுப்போடு சமப்படுத்தும். இப்போது பரவலாக வரும் தொங்கு தோள் வெட்டு மட்டும் உங்களுக்கு வேண்டாம். அது இருக்கிற தோளையும் சரித்துக் காட்டும். கீழே பக்கவாட்டில் பை வைத்து, அதற்கு மேல் வெளுப்புக் கோடுகளும் போட்டிருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

பெரிய அளவை வாங்கிப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். பக்கத் தையலைப் பிடிப்பது எளிது. கையின் நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் கஃபை, அதாவது கை நுனியில் பட்டன் போடும் பட்டியைப் பிரித்து, வெட்டி, மறுபடி வைக்க வேண்டும் என்பதாலும், கையின் பிளவு குட்டையாகிக்கொண்டே போகும் என்பதாலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நான் ஒப்புக்கொள்வதில்லை. உடம்பின் நீளத்தைக் குறைப்பது இன்னும் பெரிய வேலை. கீழே அடித்திருக்கும் உலோகப் பட்டனும் காஜாவும் இடம் மாறிவிடும், அந்தப் பட்டனைக் கழற்றினால் மறுபடி தைக்க முடியாது, புதிதாக அடிக்க வேண்டும். தோளை மட்டும் தொடவே கூடாது. டெனிமில் தோளும் கைக்குழியும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து இரட்டைத் தையல் போட்டவை. பிரித்தால், மடிப்புக்குள் வெயிலும் நீரும் படாமல் கிடந்த கருநீலக் கோடு வெளியே தெரிந்து, அது என்றைக்கும் போகாது. ஆகவே தோளுக்குப் பொருந்தியதை வாங்குங்கள்; மற்றதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

கடையில் அணிந்து பார்க்கும்போது, உங்களிடம் உள்ள குர்த்திகளில் தடிமனான ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். எல்லாப் பட்டனையும் போட்டு, மாநகரப் பேருந்தில் மேலே கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்குங்கள். பட்டி இரண்டு அங்குலம் ஏறினால் சரி. ஜாக்கெட் முழுவதும் காதுவரை ஏறினால் கைக்குழி உங்களுக்குப் பொருந்தவில்லை. பிறகு உட்கார்ந்து, தட்டச்சு செய்வதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள். முதுகு இழுத்துப் பிடித்தால் அலுவலகத்தில் ஒரு மணி நேரம்கூட அதைப் போட்டிருக்க முடியாது.

பருத்திநூல் பதில்:

மேலே காஜாஊசி அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. அம்பத்தூரில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் துணிச் சோதனைப் பிரிவில் 15 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், துணியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

டெனிமின் கனத்தை ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம். பழைய முறையில் தைக்கும் ஜாக்கெட்டுகள் 12 முதல் 14 அவுன்ஸ் வரை இருக்கும், அதாவது சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல். உழைப்பாளிகளுக்காகப் பிறந்த கனம் அது. சென்னையில் அலுவலகத்துக்குள் அது பொருந்தினாலும், இரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை கையில் சுமந்துகொண்டு போவது உங்களுக்கே பெருஞ்சுமையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்துப் போட்டால் காய்வதற்கு நாட்கணக்கில் ஆகி, கைக்குழி ஓரத்திலும் காலர் மடிப்பிலும் ஈர வாடை தங்கிவிடும். உங்களுக்கு 8 முதல் 10 அவுன்ஸ் வரை போதும். அதற்கும் கீழே 5, 6 அவுன்ஸில் வருபவை சட்டைத் துணிகள்; அவற்றுக்கு விறைப்பு இல்லாததால், தோளுக்கு வடிவம் கொடுக்கும் என்று அம்மா சொன்ன நன்மை கிடைக்காது. ஷாம்ப்ரே என்ற பெயரில் நீலமாக வருவதும் டெனிம் அல்ல. டெனிம் சாய்வரி நெசவு, அது சாதா நெசவு. துணியை உற்றுப் பார்த்தால் டெனிமில் சாய்வான வரிகள் தெரியும்.

எலாஸ்டேன் என்ற, இழுத்தால் நீளும் செயற்கை இழை கலந்த துணியா என்று உள்ளே தைத்திருக்கும் சீட்டில் பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு சதவீதம் இருந்தால் கையை நீட்டி வேலை செய்ய வசதியாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஜாக்கெட் உடம்போடு ஒட்டிக்கொண்டு, எந்த வளைவை ஒழுங்குபடுத்த வாங்கினோமோ அதையே அழுத்திக் காட்டும்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டெனிமில் நீளவாட்டு நூலுக்கு மட்டுமே நீலம் ஏற்றுகிறார்கள். குறுக்கு நூல் வெள்ளையாகவே இருக்கும், அதனால்தான் உட்புறம் வெளுப்பாகத் தெரிகிறது. நூலை நீலத் தொட்டியில் முக்கி, காற்றில் காட்டி, மறுபடி முக்கி எடுக்கும் முறையில் சாயம் நூலின் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் தங்குகிறது. நடுப்பகுதி வெளுப்பாகவே நின்றுவிடுகிறது. நாளடைவில் டெனிம் அழகாக வெளுப்பதற்கு இதுவே காரணம்; உரசினால் நீலம் ஒட்டிக்கொள்வதற்கும் இதுவே காரணம். நம் திண்டிவனம் பக்கம் விளையும் அவுரியின் நீலமும், 1897 முதல் தொழிற்சாலையில் செய்து விற்கப்படும் செயற்கை நீலமும் அடிப்படையில் ஒரே வேதிப்பொருள்தான் என்பதால், இயற்கைச் சாயம் என்று சொல்லி விற்றாலும் இந்தக் குணம் மாறாது. நம் ஊர் வியர்வை ஈரத்தில் இது இன்னும் கூடும். வெளிர் நிறக் குர்த்தி அணிபவர் அடர்நீல ஜாக்கெட் வாங்கினால், கழுத்தோரத்தையும் கைக்குழியையும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. வாங்கிய பின் முதல் இரண்டு துவைப்பைத் தனியாக, உட்புறத்தை வெளியே திருப்பிச் செய்யுங்கள்.

உங்கள் உடல்வாகுக்கு முழுவதும் ஒரே சீரான நடுத்தர நீலம் அல்லது அடர்நீலம் என்பது என் பரிந்துரை. சிலவற்றில் மார்புப் பக்கம் அடர்த்தியாகவும் கீழே வெளுப்பாகவும் துவைத்திருப்பார்கள். வெளுப்பு இருக்கும் இடத்துக்குக் கண் போகும் என்பதால் அது உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

முன்பக்கம் இரண்டு மார்புப் பைகளின் அடியிலிருந்து கீழ்ப்பட்டியை நோக்கிச் சாய்ந்து ஒடுங்கி வரும் இரண்டு தையல்களைப் பார்த்திருப்பீர்கள். லீவைஸ் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த மூன்றாவது வகை ஜாக்கெட்டின் அடையாளம் அது. அதற்கு முந்தைய இரண்டு வகைகளில் முன்பக்கம் நேர் மடிப்புகள்தான் இருந்தன. உலகெங்கும் இன்று அதிகம் பின்பற்றப்படுவது அந்த மூன்றாவது வகைதான். மேலே அகன்று கீழே ஒடுங்கும் அந்தத் தையல் தோளை விரித்தும் இடையைக் குறுக்கியும் காட்டுவதால், உங்களுக்காகவே வரைந்ததுபோல் இருக்கும். ஆனால் நீளத்தைக் குறைத்து வெட்டினால் அந்தத் தையல் பாதியில் நின்று, ஒடுங்க வேண்டிய இடத்துக்கு வராமலே போய்விடும். எனவே க்ராப் வெட்டாகவே தைக்கப்பட்டதை வாங்குங்கள். நீளமானதை வாங்கி வெட்டாதீர்கள்.

கடற்கரைக்காரி பதில்:

எனக்கும் ஏறக்குறைய உங்கள் அளவுதான் தோழி. உயரம் மட்டும் இரண்டு அங்குலம் கூடுதல். இடுப்பை மறைக்க வேண்டும் என்று நினைத்துத் தொடை வரை வரும் டெனிம் ஜாக்கெட்டை மூன்று ஆண்டுகள் அணிந்தேன். அந்த நாட்களின் படங்களை இன்று எடுத்துப் பார்த்தால், உடம்பு முழுவதும் ஒரே நீலப் பெட்டியாகத் தெரிகிறது. பிறகு இடையோடு முடியும் ஒன்றுக்கு மாறினேன், "இளைத்துவிட்டாயா?" என்று அம்மா கேட்டார். எடை அப்படியேதான் இருந்தது.

குர்த்தியோடு அணிவதில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஜாக்கெட் முடியும் இடமும் குர்த்தியின் பக்கப் பிளவு தொடங்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிடக் கூடாது. அமைந்தால் அந்த இடத்தில் துணி விரிந்து குடைபோல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது இருந்தால் குர்த்தி ஒழுங்காக இறங்கும். நிறையக் கொசுவம் வைத்த அனார்கலியைவிட நேர் வெட்டுக் குர்த்தியே க்ராப் ஜாக்கெட்டுக்கு நன்றாக இருக்கிறது. உள்ளே அணியும் குர்த்தியும் லெக்கிங்ஸும் ஒரே நிறத்தில் இருந்தால், தோளிலிருந்து கணுக்கால் வரை தடையில்லாமல் ஒரே கோடு கிடைத்து, நம்மைப் போன்றவர்களின் உயரம் கூடித் தெரிகிறது.

கையை மடித்துவிடுவதை மறக்காதீர்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் கஃப் எங்கே வருகிறது என்று பாருங்கள்: இடுப்பின் அகன்ற பகுதிக்கு நேர் பக்கத்தில். அந்தத் தடித்த கஃபும் பட்டனும் இரண்டு பக்கமும் சேர்ந்து இடுப்பை இன்னும் அகலமாக்கிவிடுகின்றன. முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் கஃப் இடைக்கு அருகே ஏறிவிடும். மணிக்கட்டும் வளையலும் தெரியும்.

புடவைக்கு முந்தானையை மடித்துக் குத்திக்கொண்டு, அதன் மேல் பட்டன் போடாமல் ஜாக்கெட்டை அணிகிறேன். முந்தானை மடிப்பு ஜாக்கெட்டின் இரு பக்கங்களுக்கும் நடுவே நேராக இறங்கும். பின்னால் முந்தானை ஜாக்கெட்டுக்கு அடியிலிருந்து தொங்கும். விறைப்பான கஞ்சி போட்ட பருத்திக்கு இது சரிவராது, தோளில் முட்டிக்கொள்ளும். பலமுறை துவைத்து மென்மையான கோவைப் பருத்தி அல்லது லினன் என்றால் அழகாக இருக்கும்.

ஏரிக்கரை பதில்:

இதே இழையில் என் கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன், மன்னிக்கவும். ஆண், உயரம் 5 அடி 8 அங்குலம், தோள் அகலம், வயிறு சற்று முன்னே இருக்கிறது. இடையோடு முடியும் ஜாக்கெட் போட்டால் பட்டி வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கிறது. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

காஜாஊசி பதில்:

ஐயா, உங்களுக்கு நான் சகோதரிக்குச் சொன்னதற்கு நேர்மாறு. உங்கள் உடம்பின் அகன்ற இடம் வயிறு என்பதால் ஜாக்கெட் அதைத் தாண்டி இடுப்பெலும்பு வரை இறங்க வேண்டும். கீழே இறுக்கும் பட்டி இல்லாமல் நேர் விளிம்பாக மடித்துத் தைத்ததைப் பாருங்கள். மார்பிலும் தோளிலும் பொருந்துவதை வாங்கி, பட்டனைப் போடாமல் அணியுங்கள். திறந்த இரு ஓரங்களும் மேலிருந்து கீழாக இரண்டு நேர்க்கோடுகளாக நின்று வயிற்றின் அகலத்தைக் குறைத்துக் காட்டும். தோளில் கூடுதல் பட்டையோ ஒட்டுத் துணியோ உங்களுக்குத் தேவையில்லை.

மழைநீலம் பதில்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை தியாகராயர் சாலையில் இரண்டு கடைகளிலும், பிறகு வேளச்சேரியில் ஒரு வணிக வளாகத்திலும் அணிந்து பார்த்தேன். இஞ்ச் டேப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், கழுத்தோரத்திலிருந்து கீழ்ப்பட்டி வரை ஒவ்வொன்றையும் அளந்தேன். மீடியம் அளவில் 18 அங்குல நீளமுள்ள ஒன்று கிடைத்திருக்கிறது. தோள் தையல் எலும்பின் மேலேயே நிற்கிறது, எல்லாப் பட்டனும் போட முடிகிறது, பைகளிலிருந்து சாய்ந்து வரும் அந்தத் தையலும் பட்டி வரை முழுமையாக வருகிறது. நனைத்த கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன். மிக இலேசாகத்தான் நீலம் ஒட்டியது.

ஒரே ஒரு தயக்கம். அரைக்கைக் குர்த்தியோடு கைக்குழி வசதியாக இருக்கிறது. முழுக்கைக் குர்த்தியோடு போட்டால் அக்குளில் கொஞ்சம் பிடிக்கிறது. கடைக்காரர் எனக்காக இரண்டு நாள் எடுத்து வைத்திருக்கிறார். லார்ஜ் அளவுக்குப் போகலாமா?

காஜாஊசி பதில்:

போக வேண்டாம். லார்ஜில் கைக்குழி தாராளமாகும், ஆனால் தோள் மறுபடி இறங்கிவிடும், அங்கிருந்துதானே தொடங்கினீர்கள். முழுக்கைக் குர்த்தியின் கைத்துணி ஜாக்கெட் கைக்குள் சுருண்டு அக்குளில் சேர்வதால்தான் பெரும்பாலும் இப்படிப் பிடிக்கும். குர்த்தியின் கை நுனியை விரல்களால் பிடித்துக்கொண்டு ஜாக்கெட்டை அணிந்து பாருங்கள். அப்படியும் பிடித்தால், அந்தக் குர்த்தி நாட்களில் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். துணியில் சிறிதளவு எலாஸ்டேன் இருந்தால் நான்கைந்து முறை அணிந்ததும் கைக்குழி உங்கள் கைக்குப் பழகிவிடும். முழுப் பருத்தி என்றால் முதல் துவைப்பில் இன்னும் கொஞ்சம் சுருங்கக்கூடும் என்பதால், உள்ளே இருக்கும் சீட்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மழைநீலம் பதில்:

சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன் அம்மா: பருத்தி 98 சதவீதம், எலாஸ்டேன் 2 சதவீதம். நாளை மாலை வேலை முடிந்ததும் போய் வாங்கிக்கொள்கிறேன்.